சோற்றுப் பானையிலிருந்து தொடங்குங்கள்: டெல்டா வீடுகளுக்கு ஒரு முழுமையான வைட்டமின் வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மாதத்து மாலை. அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுப் படியேறினார். இடது காலில் செருப்பு இருந்தது, வலது காலில் இல்லை. "செருப்பு எங்கடா?" என்று என்னையே கேட்டார். போய்ப் பார்த்தால் தெருமுனைச் சேற்றில் கிடந்தது. அது கழன்றதும் அவருக்குத் தெரியவில்லை, அங்கிருந்து ஈர மண்ணில் ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்ததும் தெரியவில்லை.

பத்து வருடமாகச் சுகர் இருக்கிறது, அதனால்தான் கால் மரத்துவிட்டது என்று நாங்களும் நினைத்தோம், பார்த்த டாக்டரும் நினைத்தார். எட்டு மாதம் கழித்து வேறொரு டாக்டர் ரத்தத்தில் பி12 என்ற வைட்டமினின் அளவைப் பார்க்கச் சொன்னார். இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை.

மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறவர் அம்மா. கும்பகோணம் பக்கத்து ஊர், சொந்த நெல், வாசலில் முருங்கை, வீட்டில் மாடு இருந்த குடும்பம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு சத்து இந்த அளவுக்குக் குறைய முடியுமா என்று எனக்கு ஆறவே இல்லை. அன்றிலிருந்து படித்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும், எங்கள் அடுப்படியில் மாற்றியதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சத்து நம் வயலில் குறைவில்லாமல் விளைகிறது. வயலுக்கும் தட்டுக்கும் நடுவில்தான் தொலைக்கிறோம். எங்கே தொலைகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், எதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

வைட்டமின்கள் மொத்தம் 13. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. பி வகை எட்டும் சி-யும் தண்ணீரில் கரைபவை. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் உடம்புக்கு விறகு என்றால், வைட்டமின் தீக்குச்சி. அளவு கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் அடுப்பு எரியாது. எவ்வளவு கொஞ்சம் என்றால், பி12 ஒரு நாளைக்குச் சுமார் 2.2 மைக்ரோகிராம் போதும். ஒரே ஒரு கிராம் இருந்தால் ஒரு ஆளுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் வரும்.

தண்ணீரில் கரைபவை கழுநீரோடும் கஞ்சியோடும் போய்விடும். உடம்பிலும் பெரும்பாலும் சேர்ந்து நிற்காது, அதனால் அடிக்கடி சாப்பாட்டில் வந்துகொண்டே இருக்க வேண்டும். பி12 மட்டும் இதற்கு விலக்கு, அது கல்லீரலில் வருடக்கணக்கில் தங்கும். கொழுப்பில் கரைபவை எண்ணெய் இல்லாமல் உடம்பில் சரியாக ஏறாது. ஏறினால் தங்கிவிடும். அதனால் ஏ, டி இரண்டையும் மாத்திரையாக அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் விஷமாகிவிடும். அடுப்படியில் நாம் செய்யப்போகும் எல்லா மாற்றமும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

படி 1: ஏழு நாள் எழுதி வையுங்கள்

ஒரு நோட்டு எடுத்து, வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு வாரம் என்ன சாப்பிட்டார்கள் என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். காபி, மிக்சர் உட்பட எல்லாவற்றையும். அம்மாவின் பக்கத்தை எழுதியபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. காலையில் இட்லி, மதியம் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், தண்ணீராக மோர், இரவு தோசை. மூன்று வேளையும் அரிசி. ஏழு நாளில் கீரை ஒரே நாள். பழம் என்றால் பூவன், அதுவும் இரண்டு நாள். முட்டையும் மீனும் எங்கள் வீட்டில் கிடையாது. பால் என்று வயிற்றுக்குள் போனது இரண்டு டம்ளர் காபியில் இருந்தது மட்டும்.

எழுதி முடித்ததும் நான்கு விஷயங்களைப் பாருங்கள். அரிசி என்ன அரிசி? கீரை எத்தனை நாள்? சமைக்காத பழமோ காயோ எத்தனை நாள்? பால், தயிர், முட்டை, மீன் எவ்வளவு? இனி வரும் படிகள் இந்த நான்கையும் ஒட்டித்தான் போகின்றன.

படி 2: அரிசியைச் சரிசெய்யுங்கள்

நாம் அதிகம் சாப்பிடுவது அரிசிதான், அதனால் சின்ன மாற்றமும் இங்கே பெரிதாகத் தெரியும். வைட்டமின் என்ற சேதியே உலகத்துக்கு அரிசித் தவிட்டிலிருந்துதான் வந்தது என்று சொல்லலாம். 1890-களில் ஜாவா தீவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். மனிதர்களுக்கு வரும் பெரிபெரி நோயும் அதேபோலத்தான். காலில் பலம் போகும், உடம்பு வீங்கும், இதயம் தளரும். அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தச் சத்துதான் தயமின் என்கிற பி1. வைட்டமின் என்ற பெயரை 1912-ல் வைத்தவர் காசிமிர் ஃபங்க்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ராபர்ட் மெக்கரிசன் 1918-ல் குன்னூரில் பெரிபெரியை ஆராயத் தொடங்கினார். அந்த ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, பின்னால் ஹைதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அன்றைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி சாப்பிட்ட வடகரையோரத் தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அது அபூர்வம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பி1 கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தவிட்டை உரித்தாலும் கொஞ்சம் உள்ளே தங்கும். வாசலில் பெரிய அண்டா வைத்து நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்கு பி1 என்ற பெயர் தெரியாது. ஆனால் ஊரையே அந்த நோயிலிருந்து காத்தது அந்த அண்டாதான்.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் தீட்டாத அரிசியில் பி1 சுமார் 0.27 மில்லிகிராம். தீட்டிய புழுங்கலில் 0.17. தீட்டிய பச்சரிசியில் 0.05. இப்போது நாம் களத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, கடையிலிருந்து மல்லிகைப்பூ மாதிரி வெளுத்த 25 கிலோ சிப்பத்தைத் தூக்கிவருகிறோம். அந்த வெளுப்புக்குக் கொடுக்கும் விலை இதுதான்.

செய்ய வேண்டியது: தினச் சோற்றுக்குப் புழுங்கலரிசி. சொந்த நெல் இருந்தால் வருடத்துக்கு வேண்டியதில் ஒரு பகுதியையாவது நிறுத்திவைத்து, மில்லில் லேசாகத் தீட்டித் தரச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை மாதிரி தவிடு நீக்காத அரிசியைக் கஞ்சியாகவோ இட்லியாகவோ செய்யலாம். இந்த ரகங்களைத் தேடிச் சேர்த்து மீட்டெடுக்க வாழ்நாளைக் கொடுத்தவர் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தின் நெல் ஜெயராமன். அந்த உழைப்பின் பலன் நம் தட்டுக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இந்த அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். சுகர் உள்ளவர்கள், எந்த ரகமானாலும் அரிசி அரிசிதான், அளவைக் கூட்டக் கூடாது.

கழுவும்போது கல், தூசி போகும் அளவுக்கு இரண்டு தண்ணீர் போதும். தண்ணீர் தெளியும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் சத்து மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும். வடித்தால் கஞ்சியைக் கொட்டாதீர்கள். உப்புப் போட்டு மோர் ஊற்றிக் குடிக்கலாம், ரசத்துக்கும் விடலாம். அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் பொங்கினால் இந்த இழப்பு குறையும். இட்லி, ஆப்ப மாவில் சமையல் சோடா போடுவதை விட்டுவிடுங்கள், பி1-ஐ அது அழித்துவிடும். பழைய சோறு சாப்பிட்டால் நீராகாரத்தையும் சேர்த்துக் குடியுங்கள், கரைந்த சத்து அதில்தான் இருக்கிறது. ஆனால் பழைய சோறு பி12 குறையைத் தீர்த்துவிடும் என்று செல்போனில் சுற்றுவதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

ரேஷன் அரிசி பற்றி ஒரு வார்த்தை. அதில் நிறமும் வடிவமும் கொஞ்சம் வேறாக இருக்கும் மணிகளைப் பார்த்திருப்பீர்கள். கழுவும்போது சில மேலே மிதக்கும். எங்கள் தெருவில் அதை "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கிப் பொறுக்கி எறிந்தார்கள். அது அரிசிமாவோடு இரும்புச்சத்து, பி வகையில் ஒன்றான ஃபோலிக் ஆசிட், பி12 மூன்றையும் பிசைந்து அரிசி வடிவில் வார்த்தது. நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். தலசீமியா மாதிரி ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: கீரை, எண்ணெயோடு

பாபநாசம், ராஜகிரி, திருவையாறு பக்கம் கொடிக்கால் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெற்றிலைக்கொடி ஏறி நிற்பது அகத்தி மரத்தில். வாசலுக்கு வாசல் முருங்கை. வரப்பில் பொன்னாங்கண்ணி, வாய்க்கால் ஓரம் வல்லாரை, சேற்றில் ஆரைக்கீரை. இத்தனையும் வைத்துக்கொண்டு குழந்தைக்குக் கண்ணுக்கு டானிக் வாங்குகிற வீடுகள் இருக்கின்றன என்பது எனக்கு வருத்தம்.

அகத்தியிலும் முருங்கைக்கீரையிலும் பீட்டா கரோட்டின் ஏராளம். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். ஏ குறைந்தால் முதலில் பொழுது சாய்ந்ததும் கண் மங்கும், அதுதான் மாலைக்கண். விட்டுவிட்டால் கருவிழியே புண்ணாகிப் பார்வை போகலாம். ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவம் அரசே இலவசமாகக் கொடுப்பது இதற்காகத்தான். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு, அட்டையில் குறித்துவாருங்கள், விட்டுவிடாதீர்கள்.

சமைக்கும் முறை முக்கியம். கீரையை முதலில் அலசிவிட்டு அப்புறம் நறுக்குங்கள். நறுக்கிய பிறகு தண்ணீரில் போட்டால் சி-யும் ஃபோலேட்டும் (உணவில் இயல்பாக இருக்கும் ஃபோலிக் ஆசிட்) அதில் இறங்கிவிடும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் மசியலிலேயே சேருங்கள். பச்சை நிறம் மாறாமல் இருக்க சோடா வேண்டாம். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயோ, கொஞ்சம் தேங்காயோ கட்டாயம் இருக்கட்டும், கரோட்டின் ஏறுவதற்கு அதுதான் வழி. முருங்கைக்கீரையை உருவியதும் சமைப்பது நல்லது, வாடவிட்டு மறுநாள் செய்தால் பயன் குறைந்துவிடும். வரப்புக் கீரை பறிக்கும்போது அந்த வயலில் சமீபத்தில் மருந்து அடித்தார்களா என்று கேட்டுவிட்டுப் பறியுங்கள்.

ஃபோலேட் கீரையிலும், தாளடி முடிந்து வயலில் விதைக்கிற உளுந்து, பயறிலும் உண்டு. கருவில் குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவது முதல் நான்கு வாரங்களில். பல பெண்களுக்கு அப்போது தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாது. அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை கேட்டுத் தொடங்கிவிட வேண்டும்.

நாட்டு மருந்து சாப்பிடும்போது அகத்தி ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அலோபதியில் அதைப் போன்ற ஒரு எச்சரிக்கை உண்டு. இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், அடியோடு நிறுத்தவும் வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே ரத்தத்தை உறையவைக்கும் பக்கம் வேலை செய்வது. வாரா வாரம் ஒரே அளவாக இருந்தால், டாக்டர் அதற்கேற்ப மாத்திரை அளவை வைத்துக்கொள்வார்.

படி 4: தினம் ஒரு பச்சைப் புளிப்பு

வைட்டமின் சி சூட்டில் அழியும், தண்ணீரில் கரையும், காற்று பட்டாலும் குறையும். அதனால் சமைக்காமல் சாப்பிடுவதே நல்லது. ஒரு பெரிய நெல்லிக்காயோ ஒரு கொய்யாவோ அன்றைய தேவையைத் தீர்த்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 65 முதல் 80 மில்லிகிராம் போதும். எலுமிச்சைச் சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள்.

சி இல்லாவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், புண் ஆறாது. ஆனால் நம் ஊரில் அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து லேசில் உடம்பில் ஏறாது, கூடவே சி இருந்தால்தான் நன்றாக ஏறும். ஏகாதசி பட்டினிக்கு மறுநாள், துவாதசி இலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்ந்தே விழுவதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சேர்க்கையை மாதம் இரண்டு நாளோடு நிறுத்தாமல் வாரத்தில் மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் இந்த இரும்பு வீணாகும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

படி 5: பி12, யாருக்குக் குறைகிறது என்று பாருங்கள்

இந்தப் படியை ஒருவரும் தாண்டிப் போகக் கூடாது.

பி12-ஐ உண்டாக்குபவை நுண்ணுயிர்கள் மட்டுமே. நமக்கு அது வருவது மீன், இறைச்சி, முட்டை, பால் வழியாக. கீரையிலும் அரிசியிலும் பருப்பிலும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியும் நெத்திலியும் விலை குறைந்த மீன்கள், பி12 நிறைந்தவை. வாரம் இரண்டு நாள் மீன் சாப்பிடுகிற வீட்டில் பெரும்பாலும் கவலை இல்லை. ஈரலிலும் மிக அதிகம், ஆனால் அதில் வைட்டமின் ஏ-யும் அளவுக்கு மீறி இருப்பதால் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

சைவ வீடுகளுக்குப் பாலும் தயிரும்தான் வழி. ஒரு நாள் தேவைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் பால் வேண்டும். காபியில் விடுகிற பாலும், நீர் விளாவிய மோரும் அந்தக் கணக்குக்கு வராது. அம்மா தினம் மோர் சாப்பிடுகிறார், பிறகு எப்படிக் குறையும் என்று நான் டாக்டரிடம் வாதாடியிருக்கிறேன். அவர் ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் தயிர் அளவைக் கையால் காட்டினார்.

சாப்பாடு சரியாக இருந்தாலும் உடம்பு ஏற்காமல் போகலாம். சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குடலில் ஏறுவது குறையும். நெஞ்செரிச்சலுக்கு நாளெல்லாம் கேஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கும், அறுபது தாண்டியவர்களுக்கும் அதே கதை. அம்மாவுக்கு மூன்றும் இருந்தன. சைவம் வேறு.

அறிகுறிகள்: பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி, பஞ்சில் மிதிக்கிற மாதிரி உணர்வு, இருட்டில் நடக்கத் தள்ளாட்டம், நாக்கு வழவழவென்று சிவந்து எரிதல், ஓயாத அசதி, மறதி. சுகர் உள்ளவர்களுக்குக் கால் மரத்தால், "சுகரால்தான்" என்று விட்டுவிடாமல் பி12-ஐயும் பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பி12 குறைவால் வந்தது மருந்தில் திரும்பக்கூடியது. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிடவும் வேண்டாம். ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். சைவமாக இருந்து தாய்ப்பால் கொடுக்கும் பெண்களும் சோதித்துக்கொள்வது நல்லது, குழந்தைக்கு பி12 வருவதும் தாய்ப்பால் வழியாகத்தான்.

படி 6: வெயில்

காலை ஏழு மணி இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். டி உண்டாக்கும் கதிர் அந்நேரம் மிகக் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அது நன்றாக வரும், ஏறக்குறைய பத்து மணிக்கு மேல். கையும் முழங்காலுக்குக் கீழும் வெயில் பட, வாரத்தில் சில நாள் இருபது, முப்பது நிமிடம். கருத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் பயனில்லை. சித்திரை, வைகாசியில் உச்சி நேரத்தைத் தவிருங்கள், அதற்காக மயங்கி விழ வேண்டாம்.

நாள் முழுக்க வயலில் நிற்பவர்களுக்கு டி குறையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடவு நடும் பெண்களைப் பாருங்கள். புடவை மேல் முழுக்கைச் சட்டை, தலையில் முண்டாசு, கால் சேற்றுக்குள். வெயில் படுவது முகத்தில் மட்டும். இடுப்பு, தொடை எலும்பு வலி என்று அவர்கள் சொன்னால் வேலை அலுப்பு என்று ஒதுக்காமல் ஒரு தடவை சோதிக்க வேண்டும்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பொடிப் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்குத்தான் டாக்டர் எழுதுவார். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

படி 7: மாத்திரை யாருக்கு

சோதனையில் குறை தெரிந்தவர்கள், கர்ப்பிணிகள், டாக்டர் எழுதிக் கொடுத்தவர்கள். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் குமட்டுகிறது என்று பரணில் போடாதீர்கள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். பி காம்ப்ளெக்ஸ் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போவது பி2-ஆல், பயப்பட ஒன்றுமில்லை. கால் மரப்புக்கு என்று பி6 அதிகமுள்ள மாத்திரையை நீங்களாகவே மாதக்கணக்கில் சாப்பிட்டால், அதுவே நரம்பை மரக்கச்செய்யும். ஈ வைட்டமினுக்குத் தனியாக மாத்திரை வேண்டாம், வேர்க்கடலை மாதிரி சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும்.

படி 8: மூன்று மாதம் கழித்து நோட்டைத் திரும்ப எடுங்கள்

மறுபடி ஏழு நாள் எழுதி, பழைய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். குறை கண்டவர்கள் டாக்டர் சொன்ன தேதியில் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். எது எப்போது சரியாகும் என்று தெரிந்திருந்தால் நடுவில் விட்டுவிட மாட்டீர்கள். பி12 ஏறத் தொடங்கினால் நாக்கு எரிச்சல் சில வாரத்தில் அடங்கும். ரத்தசோகை ஓரிரு மாதத்தில் தேறும். நரம்புக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம், தாமதமாகக் கண்டுபிடித்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

அம்மாவுக்கு ஊசியில் தொடங்கி இப்போது மாத்திரையில் ஓடுகிறது. காலையில் ஒரு டம்ளர் பால், மதியம் கெட்டித் தயிர், வாரம் மூன்று நாள் கீரை, தினம் ஒரு நெல்லிக்காய். அசதி போய்விட்டது, இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். வலது பாதத்தின் விரல்களில் மட்டும் உணர்வு இன்னும் வரவில்லை. பின்பக்கம் வார் வைத்த செருப்புதான் போட்டுக்கொள்கிறார். கோயிலிலிருந்து திரும்பியதும் வாசலில் நின்று, இரண்டு காலையும் ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.